சிவப்பு ஆட்காட்டி, மஞ்சள் ஆட்காட்டி

சண்டை மும்முரமாக நடந்த தொண்ணூற்றேழில், டொக்டர் அருளம்பலம் கொழும்பிலிருந்து குருவி பார்க்க வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சிங்களம் விளங்கும், பேச வராது. அதனால் பேச்சுக்கும் எடுபிடிக்குமாகக் கஹவத்தைத் தோட்டத்து முத்துவீரனைத் தேடி அவன் குடியிருந்த லயத்துக்கே வந்து, அவன் பெண்சாதி இருளாயி கொடுத்த தேத்தண்ணியையும் குடித்தார்.

"எங்கிட்ட ஐடென்டி கார்டு இல்லீங்கையா. எழுதிக் குடுத்து இன்னும் வரல்ல," என்று முத்துவீரன் இழுத்தான்.

"நான் இருக்கிறன். பயப்பிடாதையும்."

எம்பிலிப்பிட்டிய பக்கத்துப் பொட்டலில் ஆட்காட்டிகள் கத்திக்கொண்டு எழும்பின. டொக்டரின் கெமராவைத் தோளில் சுமந்து வந்த முத்துவீரனுக்கு எல்லாம் ஒரே குருவிதான். டொக்டரோ சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்தார்.

"ரெண்டும் ஒண்டில்லை ஐசே! அதுக்குக் கண்ணுக்கு முன்னால சிவப்புச் சதை, நெஞ்சு கறுப்பு. இதுக்குச் சதை மஞ்சள், நெஞ்சு மண்ணிறம். குரலும் வேற. எவ்வளவு தூரத்தில நிண்டாலும் எனக்குப் பிழைக்காது."

மனுசன் கெட்டிக்காரன்தான் என்று முத்துவீரன் நினைத்துக்கொண்டான்.

திரும்பும் வழியில் ஆமிக்காரன் ஜீப்பை மறித்தான். டொக்டரின் அட்டைக்கு மரியாதை கிடைத்தது. அட்டை இல்லாத முத்துவீரன் இறங்கி, தான் தோட்டத்தில் றப்பர் பால் வெட்டுகிறவன் என்று சரளமான சிங்களத்தில் சொன்னான். அதுவே வினையாகப் போயிற்று. உளவு பார்க்க இவ்வளவு நல்ல சிங்களத்தை எவன் படிப்பித்தான் என்று அதட்டிய ஆமிக்காரன், டொக்டர் பக்கம் திரும்பினான்.

"மேயா வத்தேத, யாபனேத?"

தோட்டமா, யாழ்ப்பாணமா? அவ்வளவுதான் கேள்வி. யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டாம். ஆள் இன்னார் என்று காட்டினால் போதும்.

டொக்டர் முத்துவீரனின் முகத்தைப் பார்க்கவில்லை. தெரியாது, வழியில் ஏற்றிய ஆள் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

முத்துவீரன் டொக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "ஐயா, சொல்லுங்கையா! எங்க லயத்துக்கு வந்தீங்களே!"

டொக்டருக்குப் பயம்தான். அந்த நாளில் யாழ்ப்பாணத்துக்காரருக்கு ஆமிக்காரன் முன்னால் பயம் இல்லாமலா இருக்கும்? ஆனால் பயந்தவன் இன்னொருத்தனுக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது.

ஆமிக்காரன் முத்துவீரனின் கொலரைப் பிடித்து இழுத்தான். ஜீப்பில் ஏறிவிட்ட டொக்டர், திடீரென்று இறங்கி வேகவேகமாக வந்தார். முத்துவீரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்தவர் அவன் தோளில் தொங்கிய கெமராவைக் கழற்றி, லென்ஸில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஜீப்புக்குத் திரும்பினார்.