பூண்டா, பவுடரா?

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. பாடாலூரில் பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்திலிருந்த பெண்ணின் பையிலிருந்து பூண்டு வாடை தூக்கியது. "விருந்தா?" என்றேன். "கோழிக்குங்க" என்றார். பெயர் பரிமளா. பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது.

2

'மருந்தில்லாமல் கோழி வாழுமா என்னும் கேள்வி மனித குலத்தை...' வேண்டாம், கட்டுரையாகப் போகிறது.

2004. பரிமளாவுக்கும் கணவர் கொளஞ்சியப்பனுக்கும் இரண்டு முட்டைக்கோழிக் கொட்டகைகள். நோய் வராமலிருக்கத் தீவனத்தில் தினமும் ஆன்டிபயாடிக் பவுடர் கலப்பார்கள். 'நோவே இல்லாததுக்கு எதுக்கு மருந்து?' என்று பரிமளாவுக்குப் பட்டது. மேலக் கொட்டகைக்கு மட்டும் பவுடரை நிறுத்தி, பூண்டும் மஞ்சளும் அரைத்துக் கலந்தார்.* மூன்று மாதம். முட்டை குறையவில்லை, கோழியும் சாகவில்லை.

அரும்பாவூரில் நடந்த பண்ணையாளர் கூட்டத்தில் மைக் பிடித்து இதைச் சொன்னார். கைதட்டல் அள்ளியது. பத்து நாள் கழித்து ஆண்டிமடத்திலிருந்து இளையபெருமாள் என்பவர் போன் செய்தார்: "உங்க பேச்ச நம்பி நானும் மருந்த நிறுத்திட்டேங்க!"

(* முட்டையில் வாடை வராதா? "முட்டைக்கு வரல. எனக்குத்தான் போவல.")

3

அந்தப் போன் பேச்சைக் கேட்ட கொளஞ்சியப்பன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"என்னங்க?"

"மேலக் கொட்டகைக்கும் நான் பவுடர் போட்டுட்டுத்தான் இருந்தேன்."

"எப்பலேர்ந்து?"

"மூணாம் நாள்லேர்ந்து. நாலு கோழி சோர்ந்து நின்னுச்சு. செத்துப்போனா நீ ஒடஞ்சு போயிருவியேன்னு..."

[இங்கே 'பரிமளா விம்மி விம்மி' என்று தொடங்கி அடித்துவிட்டேன். அவர் அழவில்லையாம். தட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்துவிட்டாராம்.]

4

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே ஆண்டிமடம் போனார். வழியெல்லாம் அந்த மனிதரின் கோழிகள் வரிசையாகச் செத்துக் கிடப்பதுபோல் ஒரே நினைப்பு.

"அண்ணே, நான் சொன்னது பொய்யாப் போச்சு. எங்க வூட்டுக்காரரு எனக்குத் தெரியாம மருந்தும் போட்டுருக்காரு. உங்க கோழிக்கு எதுவும் ஆவலயே?"

இளையபெருமாள் பின்மண்டையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்க. பூண்டு போட்டேன். ஆனா பயத்துல மருந்தயும் விடல."

பரிமளாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பூண்டுக்குக் கைதட்டிய ஊரில் பூண்டை நம்பிய ஆள் ஒருவருமில்லை, தன்னைத் தவிர.

5

அடுத்த கூட்டத்தில் அதே மைக்கில் உண்மையைச் சொன்னார். இம்முறை கைதட்டல் இல்லை. வீட்டுக்கு வந்து, தீவன அறைக்குப் பூட்டு வாங்கிப் போட்டுவிட்டு, முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கினார்.

அதே 2004-இல் பாடாலூரில் நான் அவரைப் பார்த்தபோது, இந்த இரண்டாம் முயற்சிக்கு இருபத்தொன்பதாம் நாள். பூண்டு ஜெயித்தது என்று ஒரு முடிவும், தோற்றது என்று ஒரு முடிவும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே என் இஷ்டத்துக்கு வந்தவை, தூக்கிப் போட்டுவிட்டேன்.

அன்று காலை நடந்ததாக அவர் சொன்னதோடு நிறுத்துகிறேன். தீவன அறைக்குள் பரிமளா தனியாளாய்த் தீவனம் கலந்துகொண்டிருக்கிறார். வெளியிலிருந்து கொளஞ்சியப்பன் குரல்.

"ஒத்தையில மூட்ட தூக்காத. நான் வரட்டுமா?"

"கையக் காட்டுங்க."

அவர் ஜன்னல் கம்பிக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாராம். சட்டைப் பையையும் உள்பக்கம் வெளியே வர இழுத்துக் காட்டினாராம்.

கதவைத் திறந்தாரா என்று நான் கேட்கவில்லை. நீங்களாக இருந்தால்?