இரண்டு பேர், ஒரே பக்கம்

பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் மாடியில், படிக்கட்டை ஒட்டிய சின்ன அறையில் வேலை செய்தவரை எல்லோரும் கமா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆசிரியர்கள் வெளியிடும் ஆய்வுக் கட்டுரைகளைப் பல்கலைக்கழகத்தின் தரவுத்தளத்தில் ஏற்றுவது அவர் வேலை. கட்டுரையின் தலைப்பு, எழுதியவர்கள், இதழின் பெயர், பக்க எண் என்று வரும் படிவத்தில் ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். பெரிய பெரிய பேராசிரியர்களே பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் எழுதித் தருவார்கள். பதினொரு வருடத்தில் அவர் மேல் ஒரு புகார் கிடையாது. வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலைதான் என்றாலும், அந்த விஷயத்தில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஒரு திங்கட்கிழமை காலை தாவரவியல் துறையிலிருந்து பாசி மேடம் வந்தார். இருபது வருடமாகப் பாசிகளை மட்டுமே ஆராய்வதால் மாணவர்கள் வைத்த பெயர் அது. அதிர்ந்து பேசாத பெண்மணி. அன்றைக்கு வந்தவர் நாற்காலியில் உட்காராமலே ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார்.

"கமா, இதைக் கொஞ்சம் படிங்க."

பதவி உயர்வுக் குழு அனுப்பிய நோட்டீஸ் அது. அவருடைய வெளியீட்டுப் பட்டியலில் இருக்கும் கட்டுரை ஒன்றில் படங்கள் மோசடியாக மாற்றப்பட்டிருப்பது தெரியவந்து, அதை வெளியிட்ட இதழே திரும்பப் பெற்றுக்கொண்டுவிட்டது. அதுபற்றி அடுத்த செவ்வாய்க்கிழமை குழுவின் முன் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்று எழுதியிருந்தது.

"இந்தப் பேப்பர் நான் எழுதினதே இல்ல" என்றார் பாசி மேடம். "ஏதோ உலோகப் பூச்சு பத்தினது. எனக்கு அதுல அரிச்சுவடியே தெரியாது. அது எப்படி என் பக்கத்துல வந்துச்சு? உங்களை விட்டா இதை யாருகிட்ட கேக்கிறது?"

"உட்காருங்க மேடம், பாத்துடலாம்."

"பாக்கவே வேணாம். எங்க துறைத்தலைவர் வேலைதான். போன வருஷம் ஆய்வுக்கூடத்தை ரெண்டாப் பிரிக்கக் கூடாதுன்னு நான் எதிர்த்துப் பேசினேன். அன்னையிலேர்ந்து மனுஷன் முகம் கொடுத்துப் பேசறதில்ல. ஆளை வெச்சு உள்ள சொருகியிருக்கார். நானும் விடப்போறதில்ல. எழுத்து மூலமா புகார் கொடுக்கத்தான் போறேன்."

கமா அவருடைய பக்கத்தைத் திறந்தார். அறுபத்தொரு கட்டுரைகள். முப்பத்தெட்டு இருக்க வேண்டும். அந்த எண் அவருக்கு மனப்பாடம், ஏனென்றால் முப்பத்தெட்டையும் ஏற்றியவர் அவரே. மிச்சமிருந்த இருபத்து மூன்றும் வேதியியல் கட்டுரைகள். பக்கத்தின் வரலாற்றைத் திறப்பதற்கு முன், மேசையைத் துடைப்பது போலத் திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

'இரண்டு பக்கங்கள் இணைக்கப்பட்டன' என்று ஒரு வரி. எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. மாலை நான்கு ஐம்பத்திரண்டு. பக்கத்தில் அதைச் செய்தவரின் லாகின். அவருடையதுதான்.

நினைவு வந்துவிட்டது. தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று நூலகமே தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருந்த வாரம். ஒரே ஆளுக்கு இரண்டு பக்கம் இருக்கக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. ஒத்த பெயர்களையெல்லாம் சிஸ்டமே ஜோடி ஜோடியாக எடுத்து நீட்டி, 'இருவரும் ஒருவரா?' என்று கேட்டது. துறை, மின்னஞ்சல், உடன் எழுதியவர்கள் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே 'ஆம்' என்று அழுத்த வேண்டும். நானூறு ஜோடி. முதல் இரண்டு நாள் பார்த்துப் பார்த்துச் செய்தார். மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் கண் எரிந்தது. ஆம், ஆம், ஆம் என்று தட்டிக்கொண்டே போனார். பாசி மேடத்தின் பெயரும் முதலெழுத்தும் அச்சு அசலாக அமைந்த இன்னொரு பெண் வேதியியல் துறையில் இருந்து, மூன்று வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போயிருந்தார்.

"என்ன தெரியுது?" என்று பாசி மேடம் எட்டிப் பார்த்தார்.

"சிஸ்டம் மெதுவா இருக்கு மேடம்." கமா வரலாற்றை மூடினார். "நான் பாத்துட்டு நாளைக்குச் சொல்றேனே."

அவர் போன பிறகு கமா எழுந்து கதவைச் சாத்தினார். எதற்குச் சாத்தினோம் என்று அவருக்கே விளங்கவில்லை. போன வருடம் தேர்வுப் பிரிவில் ஒரு எழுத்தர் இரண்டு மாணவர்களின் மதிப்பெண்ணை மாற்றிப் பதிந்துவிட்டார். மேசையைக் காலி பண்ணக்கூட நேரம் கொடுக்காமல், காவலாளி ஒருவர் கூடவே நடந்து அவரைக் கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். அதை எல்லோரும் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கமாவும் பார்த்தார். பார்த்துவிட்டு, "கவனம் வேணாமா?" என்று சொன்னதும் அவர்தான்.

மறுநாள் மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, இணைப்பைப் பிரித்தார். ஒரு பொத்தான்தான். இருபத்து மூன்று கட்டுரைகளும் வேதியியல்காரியின் பழைய பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பாசி மேடத்தின் பக்கத்தில் முப்பத்தெட்டு. அவருக்குப் போன் செய்து, "சிஸ்டம் கோளாறு மேடம், சரியாயிடுச்சு. குழுவுல பக்கத்தைத் திறந்து காட்டுங்க, போதும்" என்றார்.

மறுமுனையில் பாசி மேடம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "உங்களை மாதிரி ஆள் இருக்கிறதாலதான் கமா இந்த இடம் ஓடுது" என்றார். கமா அவசரமாகப் போனை வைத்தார்.

வியாழக்கிழமை மதியம் துணை நூலகர் அம்மாள் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கமாவுக்கு நேர் மேலதிகாரி. எப்போதும் சிரித்த முகமாக இருப்பவர் அன்று சிரிக்கவில்லை.

"பாசி மேடம் விஷயம் கேள்விப்பட்டீங்களா? குழுத் தலைவர் நேத்து அவங்க பக்கத்தைத் திரும்பவும் திறந்து பாத்திருக்கார். இருபத்து மூணு பேப்பரைக் காணோம். போன வாரம் எடுத்த பிரின்ட் அவர் கையில இருக்கு. நோட்டீஸ் வந்ததும் ஆளைப் பிடிச்சு அழிச்சிட்டாங்கன்னு சொல்றார்."

கமா மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து மூடினார்.

"அந்தப் பேப்பர் அவங்க எழுதினதான்னு கேள்வி இருந்துச்சு. இப்போ அதெல்லாம் போச்சு. ஆதாரத்தை அழிச்சாங்கங்கிறதுதான் பேச்சு. ப்ரோமோஷன் என்ன, வேலைக்கே உலை வெச்சிடுவாங்க போலிருக்கு. உள்ளுக்குள்ள யாரு கை கொடுத்ததுன்னு கம்ப்யூட்டர் பிரிவுல லாக், அதான் யாரு எப்ப என்ன மாத்தினாங்கங்கிற பதிவு, எடுக்கச் சொல்லியிருக்காங்க. செவ்வாய்க்கிழமை கூட்டத்துல மேசைக்கு வந்துடும்." அவர் குனிந்து தாழ்ந்த குரலில் கேட்டார். "உங்களுக்கு இதுல ஏதாவது தெரியுமா?"

"தெரியாதுங்க மேடம்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது உறைத்தது. அதற்குள் அம்மாள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

அன்றும் மறுநாளும் நடைவழியில் செருப்புச் சத்தம் கேட்டாலே கமாவுக்குக் கை விசைப்பலகையில் நின்றுவிடும். கம்ப்யூட்டர் பிரிவுப் பெண் படிக்கட்டில் எதிரே வந்து, "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டதும் அவர் திரும்பி வந்த வழியே இறங்கிவிட்டார். அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறாள் என்று தோன்றியது. வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்தார். போன் வந்திருக்கிறது என்று மகள் நீட்டியபோது தூக்கிவாரிப்போட்டுத் தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம், துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த மனைவி, மடிப்பதை நிறுத்திவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன்.

"என்னங்க, மூணு நாளா பேய் அறைஞ்ச மாதிரி இருக்கீங்க. இப்பச் சொல்லப்போறீங்களா இல்லையா?"

சொன்னார். முதலில் திக்கித் திணறி, பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும்.

முடிந்ததும், "பிரிச்சீங்களே, அதுக்கு முன்னாடி யாருகிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"எங்க இடத்துல ரெண்டு பேர் ரத்தம் பேர் மாறிப் போச்சுன்னு வைங்க. சத்தமில்லாம லேபிளை மாத்தி ஒட்டினா ஆச்சா? தப்பான ரிசல்ட்டை வெச்சு டாக்டர் ஏற்கெனவே மாத்திரை கொடுத்திருப்பார். அவர்கிட்ட சொல்லாம என்ன பிரயோஜனம்?" அவள் குரல் உயர்ந்தது. "நீங்க அந்தம்மாவை ரெண்டு தடவை மாட்டி விட்டிருக்கீங்க. முதல் தடவை தெரியாம. ரெண்டாவது தடவை தெரிஞ்சே."

"வேலை போயிடும்மா."

"போயிடும்னுதான் எனக்கும் தோணுது." மடித்த சட்டையை எடுத்து மறுபடி மடித்தாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதுக்காகப் போகாதீங்கன்னு என்னால சொல்ல முடியல."

திங்கட்கிழமை காலை கமா தாவரவியல் துறைக்குப் போனார். பாசி மேடம் தன் அறையில் புகார்க் கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். மேசை முழுக்கக் கண்ணாடித் தட்டுகள், ஒவ்வொன்றிலும் விரல் நகம் அளவுக்குப் பச்சை.

"வாங்க கமா, நல்ல நேரத்துல வந்தீங்க. நான் ஆளை வெச்சு அழிச்சேனாம். இதையும் அந்த மனுஷன்தான் கிளப்பி விட்டிருக்கணும். பதிவாளர்கிட்டயே நேரா கொடுக்கப்போறேன்."

"கொடுக்காதீங்க மேடம். அவர் ஒண்ணும் பண்ணல." கமா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "சேத்ததும் நான். பிரிச்சதும் நான்."

பாசி மேடத்துக்கு முதலில் புரியவில்லை. கமா இன்னொரு முறை, முதலிலிருந்து சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே கையிலிருந்த உறையை மேசையில் வைத்தார்.

"சிஸ்டம் கோளாறுன்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேன்."

"நான் உங்களுக்கு நன்றி சொன்னேன், கமா." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "போங்க. இப்ப இங்க நிக்காதீங்க."

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கே கமா நிர்வாகக் கட்டடத்துக்குப் போய், குழு கூடும் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. மடியில் பணியாளர் பிரிவில் கேட்டு வாங்கிய இரண்டு பழைய கோப்புகள். இரண்டு பெண்களும் வேலையில் சேர்ந்தபோது கொடுத்த படிவங்கள், ஆளுக்கொரு புகைப்படத்தோடு. கம்ப்யூட்டர் பிரிவுப் பெண் ஒரு உறையோடு உள்ளே போய் வெறுங்கையோடு வெளியே வந்தாள். இந்தத் தடவை அவரைப் பார்த்து எதுவும் கேட்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனாள். பிறகு பாசி மேடம் வந்தார். அவரும் கமாவைப் பார்க்காமலே உள்ளே போனார்.

எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. படிக்கட்டு பத்தடி தூரம்தான். கடைசியில் எழுந்து, கதவைத் தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் திறந்தார்.

ஏழு பேர் திரும்பிப் பார்த்தார்கள். குழுத் தலைவர் முன்னால் லாக் விரித்துக் கிடந்தது. ஒரு வரிக்கு மஞ்சள் அடித்திருந்தது.

"நாங்களே கூப்பிடலாம்னு இருந்தோம்" என்றார் தலைவர். "இது உங்க லாகின்தானே?"

"ஆமா சார்."

"மேடம் கேட்டுக்கிட்டதாலதான் அழிச்சீங்களா?"

"அழிக்கல சார், பிரிச்சேன். மேடத்துக்கு ஒண்ணும் தெரியாது. எட்டு மாசத்துக்கு முன்னாடி சரி பாக்காம சேத்தவன் நான். அது வெளிய வந்துடும்னு பயந்து நானே பிரிச்சேன். துணை நூலகர் கேட்டப்பவும் தெரியாதுன்னு பொய் சொன்னேன்."

"அவங்களைக் காப்பாத்த நீங்க பழியை ஏத்துக்கலைன்னு நாங்க எப்படி நம்பறது?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்ன பிறகும் நம்பாமல் போகலாம் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. "அதே லாக்ல இன்னும் மேல போய்ப் பாருங்க சார். மார்ச் மாசம். நோட்டீஸ் எல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. நாலு ஐம்பத்திரண்டுக்கு இவங்களைச் சேத்திருப்பேன். அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷத்துல எத்தனை ஜோடி சேத்திருக்கேன்னும் பாருங்க." இரண்டு கோப்புகளையும் திறந்து மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார்.

தலைவர் தாளைப் புரட்டினார். விரலை வைத்து எண்ணினார். "ஒரே நிமிஷத்துல ஒன்பது" என்றார் பக்கத்திலிருந்தவரிடம். பிறகு இரண்டு புகைப்படங்களையும் வெகுநேரம் பார்த்தார்.

பாசி மேடத்தின் மேல் எந்தத் தவறும் இல்லை என்று அன்றே எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அந்தத் தடவைக்கான பதவி உயர்வுப் பட்டியல் முந்தின நாளே போய்விட்டிருந்தது. அவர் பெயர் இனி ஆறு மாதம் கழித்துத்தான் வரும். கமாவின் லாகினை முடக்கினார்கள். ஒப்பந்தம் நீடிக்குமா என்பது மாதக் கடைசியில் தெரியும் என்றார்கள்.

வெளியே நடைவழியில் பாசி மேடம் அவர் முன்னால் நின்றார். "எட்டு நாள், கமா. எங்க வீட்டுல யாருகிட்டயும் சொல்லல" என்றார். படியிறங்கிப் போனார்.

அந்த வாரம் சேர்த்த நானூறு ஜோடிகளையும் மறுபடி சரிபார்க்க உத்தரவு வந்தது. கம்ப்யூட்டர் பிரிவுப் பெண் தன் லாகினில் திறந்து காட்ட, கமா பக்கத்தில் உட்கார்ந்து கோப்போடு ஒப்பிட்டுச் சொன்னார். நான்கு நாளில் இன்னும் ஆறு தவறுகள் கிடைத்தன. ஐந்து பேர் அங்கேயே வேலையில் இருந்தார்கள்; எந்தக் கெடுதலும் நேர்ந்திருக்கவில்லை.

ஆறாவது ஆள் இயற்பியல் துறையில் இருந்த ஒரு இளைஞர். அவருடைய ஒன்பது கட்டுரைகளும் அதே பெயருள்ள ஒரு மூத்த பேராசிரியரின் பக்கத்துக்குப் போயிருந்தன. 'வெளியீடுகள் போதாது' என்று ஜூன் மாதம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

"இவரு இப்ப எங்க சார் இருக்காரு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"தெரியலம்மா."

கமா கோப்பிலிருந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு, நடைவழி ஜன்னலருகே போய் நின்று அழுத்தினார். மணி அடித்தது. எடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தார்.

"ஹலோ, யாருங்க?" என்றது ஒரு குரல். பின்னால் குழந்தை ஒன்று அழுதுகொண்டிருந்தது.

கமா தன் முழுப்பெயரைச் சொன்னார்.