பூவாயி பாட்டுக்கு ஒரு நேரம்

"பூவாயி பாட்டு என்னிக்கு சார்? எத்தனை மணிக்கு? தேதியும் நேரமும் ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க."

கேட்டே விட்டாள் உண்ணாமலை.

வானொலி நிலையத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தலைமை எழுத்தர் சம்பந்தம் மேசைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு ஒரே ஒரு புத்தி சொல்லியிருந்தார். "லீவு கேளு. ஃபேனுக்குக் கீழ நாற்காலி கேளு. அதிகாரிங்ககிட்ட நேரம் மட்டும் கேட்டுடாத தாயே. நேரம் கேட்டவங்க யாரும் இந்தக் கட்டடத்துல நெலச்சதில்ல." எந்த நிகழ்ச்சி எந்த நாளில் எத்தனை மணிக்கு என்பது மூன்று மாதம் முன்னதாகவே மேலே கட்டம் போட்டு முடிவாகிவிடும். கீழே இருப்பவர்கள் பதிவு செய்யலாம், ஒலிநாடா சுற்றலாம், தேநீர் வாங்கி வரலாம். அவளோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்தக்காரி. அந்தப் புது ஒப்பந்தத் தாள் இப்போது மேசைமேல்தான் கிடந்தது.

நிகழ்ச்சி அதிகாரி வெங்கடரமணன் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். செஞ்சி பயணியர் விடுதிக் கூடத்தில் வைகாசி வெயில் மாலை நாலரைக்கும் அடங்கியபாடில்லை. ஆறரை மணிக்குக் கோட்டைக் கல்யாண மகாலுக்கு முன்னால் கச்சேரி. மதராஸிலிருந்து பாடகர் வந்திருந்தார். அனுமதிச் சீட்டு வைத்திருக்கிற நேயர்கள் இருநூறு பேர். அதைப் பதிவு செய்து அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஒலிபரப்புவதாக நிலையத்துப் பத்திரிகையில் பாடகர் படத்தோடு போட்டாயிற்று. ஒரு வாரமாகக் காலையிலும் மாலையிலும் அறிவிப்பு வேறு.

"எந்தப் பூவாயி?" என்றார்.

"போன ஆவணியில பெரியேரிக் கழனியில நடவுப் பாட்டு பதிவு பண்ணினோமே சார். பன்னெண்டு பொம்பளைங்க. முன்பாட்டு பாடினது பூவாயி."

"ஓ, அந்தக் கட்டைக் குரலா? நல்ல பாட்டு." மனதாரத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கெட்ட மனுஷன் என்றால் திட்டிவிட்டுப் போகலாம்.

அந்தப் பன்னிரண்டு பேரில் அவளுடைய அம்மாவும் ஒருத்தி. தன் தெருவிலேயே பி.ஏ. படித்த ஒரே ஆள் உண்ணாமலை. ரேடியோவில் வேலை என்றதும் தெருவே அவளை வேறு கண்ணால் பார்த்தது. அந்தக் கண்ணை நம்பித்தான் அவள் வரப்பில் நின்று, "பாடுங்க, எல்லாரும் கேப்பாங்க, நீங்களும் கேப்பீங்க" என்று வாக்குக் கொடுத்தாள். பாடி முடித்ததும் பூவாயி சேற்றுக் கையோடு பதிவுப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, "எங்க, இப்பப் பாடச் சொல்லு" என்றாள். பேட்டரி தீர்ந்துவிடும் என்று போட்டுக் காட்டவில்லை. "ரேடியோவுலயே கேட்டுக்கக்கா" என்றாள் உண்ணாமலை.

அன்றிலிருந்து எட்டு மாதமாகப் பூவாயி அந்தி சாய்ந்தால் பஞ்சாயத்துப் பூங்காவுக்குப் போய் நிற்கிறாள். பஞ்சாயத்து ரேடியோ பூட்டிய அறையில் இருக்கும். காவலாள் ராஜாங்கம் ஆறரைக்குத் திறந்து, கம்பத்து ஒலிபெருக்கிக் குழாயில் கிராம நிகழ்ச்சியை விடுவான். ஏழரைக்குப் பூட்டிவிடுவான். உரம், பூச்சி மருந்து, விலை நிலவரம், ஒரு நாடகம். பூவாயி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவாள்.

நினைக்கும்போதே ராஜாங்கம் வந்துவிட்டான். தோளில் அந்தக் கம்பத்துக் குழாய். கச்சேரிக்கு இரவல் கேட்டிருந்தார்கள்.

"இன்னா உண்ணாமல, உங்க ஆளு நேத்தும் வந்து நின்னுச்சு. ஜவுளிக்கடைப் பசங்க ஓட்றானுங்க, 'இன்னாக்கா, இன்னிக்காவது வருதா, இல்ல பஸ்ஸ உட்டுடுச்சா உம் பாட்டு'ன்னு. அது இன்னா சொல்லுச்சு தெரியுமா? 'மெட்ராஸ்லேர்ந்து வரணுமில்ல, வழி தூரம்'ன்னுது."

வெங்கடரமணன் லேசாகச் சிரித்தார். உண்ணாமலை சிரிக்கவில்லை.

"இன்னிக்கிப் பூங்காவுக்கு வராதக்கா, குழா கோட்டைக்குப் போவுதுன்னேன். கண்ணு இம்மாம் பெருசு ஆயிடுச்சு அதுக்கு. 'ரேடியோக்காரங்களே நம்மூருக்கு வந்துட்டாங்களா? அப்ப இன்னிக்கி எம் பாட்டுதான்'ன்னு சொல்லிட்டு, பதினோரு பொம்பளைங்களையும் கூட்டிக்கினு கோட்டை வாசல்ல உக்காந்திருக்குது. உங்க அம்மாவும் இருக்குது. தலைக்கு எண்ண வச்சி, பூ வச்சி... கண்ணாலத்துக்கு வந்தாப்பல."

"சீட்டு இல்லாம உள்ள விடமாட்டாங்களே" என்றார் வெங்கடரமணன்.

"அத யாரு அவங்ககிட்ட சொல்றது?" ராஜாங்கம் குழாயைச் சுவரோரம் சாய்த்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்தான்.

உண்ணாமலை மேசையில் இரண்டு கையையும் ஊன்றினாள். "சார், நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. இந்தக் கச்சேரி இன்னும் நடக்கவேயில்ல. அதுக்குத் தேதி இருக்கு, மணி இருக்கு, படம் இருக்கு. எட்டு மாசம் முன்னால பாடினதுக்கு ஏன் இல்ல?"

"யாரு இல்லேன்னது? அதெல்லாம் போட்டாச்சேம்மா."

"என்னது?"

"பல தடவை போட்டாச்சு. சுந்தரமூர்த்தி, மேல இருக்கற அந்தப் பெட்டியைக் கொஞ்சம் எடுங்கோ."

மூலையில் பதிவு இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பொறியாளர் சுந்தரமூர்த்தி, இன்றைய கச்சேரிக்காகக் கொண்டுவந்திருந்த நாடாப் பெட்டிகளில் மேலாக இருந்ததை எடுத்து நீட்டினார். பழுப்பு அட்டைப் பெட்டி. முதுகில் புதுத் தாள் ஒட்டி, பாடகர் பெயர். அந்தத் தாளின் ஓரத்துக்கு வெளியே அவளுடைய சொந்தக் கையெழுத்து எட்டிப் பார்த்தது. '...யி குழுவினர், செஞ்சி.'

வெங்கடரமணன் உள்ளே இருந்த குறிப்பு அட்டையை எடுத்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் முழுக்க வரிசையாகத் தேதிகள். பகல் இரண்டு முப்பத்தேழு, ஒரு நிமிடம் பத்து வினாடி. காலை பதினொன்று ஐம்பத்தெட்டு, நாற்பது வினாடி. பகல் ஒன்று நாற்பத்து நாலு, ஐம்பத்தைந்து வினாடி. மொத்தம் பதினோரு வரி. ஒன்றுகூடப் பொழுது சாய்ந்த பிறகு இல்லை.

"இடைநிரப்பி" என்றார் அவர். "ஒரு வித்வான் சீக்கிரம் முடிச்சுடறார். டெல்லியிலேர்ந்து செய்தி வர ஒரு நிமிஷம் ஆறது. அப்போ காத்துல மௌனம் போகக்கூடாது பாரு. சட்டுனு எதையாவது போடணும். இந்தப் பாட்டு அதுக்கு ரொம்ப உபயோகமா இருந்தது. எங்க ஆரம்பிச்சாலும் சரி, எங்க நிறுத்தினாலும் சரி."

"அப்ப பத்திரிகையில?"

"இடைநிரப்பியை எப்படிம்மா அச்சடிக்கறது? எப்போ இடைவெளி விழும்னு யாருக்குத் தெரியும்?"

"பேராவது சொன்னீங்களா? பூவாயின்னு?"

"நாற்பது வினாடியிலயா?"

உண்ணாமலை அட்டையின் வரிகளை மறுபடி எண்ணினாள். பதினோரு தடவை அந்தக் குரல் இந்த ஊர் வானத்தில் வந்திருக்கிறது. கடலைக் கொல்லையில் குனிந்திருந்த பூவாயியின் தலைக்கு மேலேயே போயிருக்கிறது. பூங்காவில் ரேடியோ பூட்டிக் கிடந்திருக்கிறது.

"இதை இடைநிரப்பியில யாரு சார் சேர்த்தது?"

அவர் அட்டையை முன்பக்கம் திருப்பினார். 'ஒலிபரப்ப உகந்த நேரம்' என்று அச்சிட்ட வரிக்கு எதிரே, நீல மையில், எழுத்தெல்லாம் அழகாகச் சுழித்து, 'எந்த நேரமும்' என்று எழுதியிருந்தது.

அவள் எழுதியது.

எழுதிய நாள் நினைவிருந்தது. மாலை ஆறரை என்றுதான் எழுதப் போனாள். பேனா முனை நின்றது. அதெப்படி, வேலைக்கு வந்து நாலு மாதம் ஆகாத பெண் மாலை நேரம் கேட்பதா, கேட்டால் பெட்டியையே ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்தாள். எந்த நேரமும் என்று போட்டால் சுலபமாக இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டாள். கல்யாணப் பந்தியில், எங்கே இடம் இருந்தாலும் உட்காருகிறேன் என்று சொல்கிறவனைத்தான் கடைசிவரை நிற்க வைப்பார்கள் என்பது பி.ஏ. படித்தவளுக்குத் தெரியாமல் போயிற்று.

"தப்பா ஒண்ணும் எழுதலை நீ. வேற யாரா இருந்தாலும் அப்படித்தான் எழுதுவா" என்றார் வெங்கடரமணன். அந்த ஆறுதல் இன்னும் மோசமாக இருந்தது.

அவள் பெட்டியைக் கையில் எடுத்தாள். "சரி சார். நேரம் வேணாம். ஒலிபரப்பே வேணாம். நாடா இங்க இருக்குது, மிஷின் இங்க இருக்குது, குழாயும் வந்துடுச்சு. கச்சேரி ஆரம்பிக்கிறதுக்கு முன்னால கோட்டை வாசல் பக்கம் குழாயத் திருப்பி ஒரே ஒரு தடவை போடுங்க. நாலு நிமிஷம். அந்த அக்கா அவங்க குரலை அவங்க கேக்கட்டும். அதுக்கப்புறம் அது மேலயே கச்சேரியப் பதிவு பண்ணிக்குங்க. நானே நாடா மாட்டித் தர்றேன்."

வெங்கடரமணன் கூரையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வித்வான் வர்றதுக்குள்ள முடியணும்" என்றார்.

ஒரு கணம் ராஜாங்கத்துக்கே முகம் மலர்ந்துவிட்டது. "போட்டுக் காட்டினா அது செத்தே போயிடும் சார், சந்தோசத்துல."

சுந்தரமூர்த்தி துணியை மடித்துக்கொண்டே இருந்தார். மடித்த துணியை மறுபடி பிரித்தார்.

"அது... அதுல இருக்காதும்மா" என்றார்.

"எதுல?"

"நாடாத் தட்டுப்பாடு. பழசு எல்லாத்தையும் அழிச்சுதான் வெளியூருக்கு எடுத்துட்டு வர்றோம். நேத்து மத்தியானம் நாந்தான் அழிச்சேன். உங்க ஊர்ப் பாட்டுன்னு எனக்குத் தெரியாது. மேல புதுத் தாள் ஒட்டியிருந்தது."

உண்ணாமலை நம்பவில்லை. நாடாவை எடுத்து, உருளைகளுக்கு நடுவே நுழைத்து, விசையை அழுத்தினாள். சுருள் சுற்றியது. ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். எண்ணெய் இல்லாத சட்டியில் தண்ணீர் தெளித்தது மாதிரி, நிற்காமல், ஒரே சீராக. எங்கேயாவது ஒரு மூலையில் ஒரு சொல்லாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று ஓட விட்டாள். நாலு நிமிடமும் ஓடிற்று. சேறு இல்லை, வளையல் சத்தம் இல்லை, பூவாயி இல்லை.

ராஜாங்கம் மெல்ல வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான்.

"அடடா" என்றார் வெங்கடரமணன். "சரி, மனசு விட்டுடாதே. அடுத்த நடவுக்கு வந்து மறுபடி எடுத்துட்டாப் போச்சு. பாட்டு எங்க போயிடப் போறது?"

உண்ணாமலை விசையை நிறுத்தினாள். "நடவா? பெரியேரியப் பாத்துட்டு வந்தீங்களா சார்? போன வருசமே பாதித் தண்ணி. இப்ப அதுல பசங்க பந்து ஆட்றானுங்க. எந்தக் கழனியில நடுவாங்க? பாதிப் பேரு பெங்களூருக்குக் கல்லு ஒடைக்கப் போறதா இருக்காங்க. பூவாயியும் போவுது. அதுக்கு முன்னால ஒரு வாட்டி கேட்டுட்டுப் போலாம்னுதான் அது தெனம் வந்து நிக்குது."

அவர் மோர் டம்ளரை ஒதுக்கிவைத்தார். பிறகு ஒப்பந்தத் தாளை அவள் பக்கமாக நகர்த்தி, மேலே பேனாவை வைத்தார். "பாரு, இந்தத் தடவை ஆறு மாசத்துக்குப் போட்டிருக்கேன். அதோட, இன்னிக்கு மேடையில அறிவிப்பு நீயே சொல்லு. உன் ஊர், உன் குரல். சனிக்கிழமை எட்டு மணிக்கு வரும். உங்க அம்மா கேக்கட்டுமே."

"எட்டு மணிக்குப் பூங்காவுல ரேடியோ பூட்டியிருக்கும் சார்."

"ஒரு நாளைக்குத் திறந்து வைக்கச் சொல்லலாம்."

"எனக்குன்னா திறப்பீங்களா?"

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். மறுபடி தாள்மேல் வைத்தார்.

வெளியே ஜீப் வந்து நின்றது. பாடகர் இறங்கினார். வெங்கடரமணன் அவசரமாக மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, "கையெழுத்துப் போட்டுட்டு வாம்மா, நாழியாறது" என்றபடி வாசலுக்கு விரைந்தார்.

உண்ணாமலை குறிப்பு அட்டையை மட்டும் எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். நாடாவை எடுக்கவில்லை. எடுத்து என்ன செய்ய? செஞ்சியில் யாரிடமும் அதை ஓட்ட மிஷின் இல்லை, ஓட்டினாலும் அதில் ஒன்றுமில்லை. பேனாவை மூடி ஒப்பந்தத் தாளின் மேலேயே வைத்தாள். தாளில் அவள் பெயருக்கு நேராக இருந்த கட்டம் வெள்ளையாகவே கிடந்தது.

"மைக்குக்கு ஆள் வேணுமேம்மா" என்றார் சுந்தரமூர்த்தி.

"எந்த நேரமும் கிடைப்பாங்க" என்றாள்.

பாடகருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த கூட்டத்தை ஒட்டி, அவள் படியிறங்கினாள். ராஜாங்கம் கூடவே நாலடி வந்தான். "ஏ உண்ணாமல, இன்னா சொல்லப் போற அதுகிட்ட? 'மிஷின் ரிப்பேரு, அடுத்த வாரம் வரும்'ன்னு சொல்லிடு. பாவம்."

"வராதுன்னு சொல்லப் போறேன். வந்துச்சு, பதினோரு வாட்டி வந்துச்சு, நீ கேக்கல, இனிமே வராதுன்னு சொல்லப் போறேன். யாரால இப்படி ஆச்சுன்னும் சொல்லப் போறேன்."

"அடிக்கும்."

"அடிக்கட்டும்."

ராஜகிரி மலையின் நிழல் சாலைவரை நீண்டிருந்தது. கோட்டை வாசலில், சீட்டு வைத்திருக்கிறவர்கள் உள்ளே போகிற வரிசைக்கு அந்தப் பக்கம், பன்னிரண்டு தலைகளில் கனகாம்பரம் தெரிந்தது. உண்ணாமலை அந்தப் பக்கமாக நடந்தாள்.