மூன்று ஒயர் சென்சார்

கம்மாபுரத்து நிலத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்ட பிறகு சக்கரபாணிக்குக் கார்தான் பிழைப்பு. ஷிப்ட் இன்ஜினியர்களைக் குவார்ட்டர்ஸிலிருந்து சுரங்கத்துக்கு ஏற்றிப்போகும் கான்ட்ராக்ட். சித்திரை வெயிலில் ரேடியேட்டர் வற்றியது தெரியாமல் ஓட்டி, இன்ஜின் ஜாமாகி நின்றுவிட்டது.

மந்தாரக்குப்பம் மெக்கானிக் சாதிக் அலி, விபத்தில் நசுங்கிய ஒரு புது மாடல் காரிலிருந்து இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே எடுத்து மாட்டினார். கார் ஓடியது. ஆனால் ஸ்பீடோமீட்டர் முள் எழவில்லை. பிரேக் பிடித்து நிறுத்தும்போதெல்லாம் இன்ஜினும் அணைந்தது.

சாதிக் அலி காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்.

"பழைய கியர்பாக்ஸ்ல ஸ்பீடு சென்சாருக்கு ரெண்டு ஒயருங்க. இதுல மூணு. இது அனுப்புற சிக்னல் உங்க வண்டி கம்ப்யூட்டருக்குப் புரியல. அந்த வண்டியோட கம்ப்யூட்டரும் விபத்துலயே நொறுங்கிப்போச்சு. வண்டி ஓடிக்கினு இருக்கா, நின்னுகினு இருக்கான்னே அதுக்குத் தெரியலங்க."

"பழைய சென்சாரையே மாட்டுங்களேன்."

"பாத்துட்டேங்க. உள்ள கியர் பல்லுல சேர மாட்டேங்குது."

"அப்ப பழைய கியர்பாக்ஸ்?"

"அது இந்த இன்ஜினோட சேராதுங்க."

சேர்ந்தாலும் பயனில்லை என்பது சக்கரபாணிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வீட்டு வாசலை அடைக்கிறது என்று அவரே அதைப் பழைய இரும்புக்கடையில் போடச் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலை சுரங்க கேட்டில் வாகனச் சோதனை. அதிகாரி காந்திமதி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பின்சீட்டில் எட்டு வருடமாக இந்தக் காரில் வேலைக்குப் போகும் இன்ஜினியர் கோபாலகிருஷ்ணன். சிறிது தூரம் போய்த் திரும்பினார்கள். முள் அசையவில்லை. கேட்டருகே பிரேக் பிடித்ததும் இன்ஜின் அணைந்தது.

"உள்ள முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக் கூடாது. நீங்க எவ்வளவுல போறீங்கன்னு உங்களுக்கே தெரியாதே, அண்ணே."

"எட்டு வருசமா ஓட்றேன் மேடம். கால் மிதிக்கிறதுலயே தெரிஞ்சிடும்."

"நம்பறேன். ஆனா உள்ள போக பாஸ் தர முடியாது."

கோபாலகிருஷ்ணன் முன்பு அனல்மின் நிலையத்தில் இருந்தபோது சென்சார்களோடுதான் வேலை பார்த்தவர். சக்கரபாணி அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் இறங்கி, பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"இதுக்கு ஏத்த கம்ப்யூட்டர் வேணும் சக்கரபாணி. என்கிட்ட வழி இல்லப்பா."

பின்னால் ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்தது. இருவரும் காரை ஓரமாகத் தள்ளினார்கள். கோபாலகிருஷ்ணன் கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, நேரமாகிறது என்று சொல்லி வேறொரு காரில் ஏறிக்கொண்டார். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அதில் சக்கரபாணிக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட யாராவது கிடைத்திருந்தால் தேவலை என்றிருந்தது.

மனைவி மாணிக்கம்மாள் போனில் கேட்டாள்: "பாஸ் குடுத்துட்டாங்களா?"

"இல்ல."

"இன்னா சொல்றாங்க?"

"எல்லாரும் நல்லாத்தான் பேசறாங்க."

அந்த வாரமே கான்ட்ராக்ட் வேறு வண்டிக்குப் போனது. சாதிக் அலி பண்ருட்டி வரை அலைந்து வேறு மூன்று சென்சார்களை மாட்டிப் பார்த்தார்; எதுவும் ஒத்துவரவில்லை. ஒன்றில் கார் நிற்கும்போதே முள் எண்பதைக் காட்டியது. மறு மாதம் சக்கரபாணி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் விழும் கரியை அள்ளும் வேலைக்குச் சேர்ந்தார்.