ஸ்யாமளா சிபாரிசு செய்த நாவல்

ஹாலாஸ்யம் வீட்டுக் கூடத்தில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் வாசகர் வட்டத்தில் ஒரு விதி உண்டு. புத்தகத்தைச் சிபாரிசு செய்தவர், மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. பேச்சே பிழைப்பான டெலிபோன் ஆபரேட்டர் ஸ்யாமளாவுக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டாம்.

அவள் கொடுத்தது அமெரிக்க நாவல். "அமெரிக்கப் புஸ்தகம்னா துப்பாக்கியும் படுக்கையும்தானே" என்று ஹாலாஸ்யம் அப்போதே முகம் சுளித்தார். இது தேறாவிட்டால் இனி அந்த ஊர்ச் சரக்கே இங்கே வரக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். கோர்ட்டில் ஹெட்கிளார்க்காக இருந்தவர்; தீர்ப்புச் சொல்வதில் ஜட்ஜைவிட அவருக்கு ஆசை அதிகம்.

நாவலில் கதை சொல்கிறவள் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி. அவள் வீட்டில் விருந்து நடக்கும்போது, சமையல் வேலை செய்யும் கறுப்பினப் பெண்ணின் மகனை ஊரார் தெருவில் அடித்துக் கொல்கிறார்கள். போய்ப் பார்க்கிறேன் என்று தவிக்கும் தாயை, பரிமாறிவிட்டுப் போ என்று நிறுத்தி, அலறல் கேட்காமலிருக்க ஜன்னல்களையும் சாத்துகிறாள். கடைசிப் பக்கம்வரை தன்னைப் புண்ணியவதி என்றே நம்புகிறாள். படித்த அன்று ஸ்யாமளாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஹாலாஸ்யம் தொண்டையைச் செருமினார். "கொலையெல்லாம் எனக்குப் பிடிக்கலை. ஆனா அந்தச் சீமாட்டி தங்கமானவ. சமையல்காரியைச் சொந்த மனுஷியா நடத்தறா. பெத்தவ மனசு நோகக் கூடாதேன்னு ஜன்னலைச் சாத்தறா பாருங்கோ, எனக்குக் கண் கலங்கிடுத்து."

வட்டத்தின் மற்ற அங்கத்தினர்களான சிவசங்கரனும் சுப்பராமனும் தலையாட்டினார்கள். ஸ்யாமளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இவள் விளக்கினால் அதற்கும் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது வீட்டு வேலை பார்க்கும் முருகம்மாள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அய்யா, பயலுக்குக் காச்சல் அனலா அடிக்குதுன்னு ஆளு வந்து சொல்லுது. செத்த முந்திப் போகட்டுமா?"

"எல்லாரும் காபி குடிச்சதும் டம்ளரை அலம்பி வச்சுட்டுப் போ. குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் ஹாலாஸ்யம், பிரியமாகத்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பெருமையோடு, "இருபது வருஷமா இருக்கா. வேலைக்காரின்னு நாங்க நினைச்சதே இல்லை. சொந்த மனுஷி..." என்றவர் பாதியில் நின்றார்.

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"முருகம்மா, நீ கிளம்பு" என்று எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, தானே ரிக்‌ஷா கூட்டிவந்து அவளை ஏற்றி அனுப்பினார். திரும்பி வந்து ஸ்யாமளாவின் எதிரில் உட்கார்ந்தார்.

"நிம்மதியா இருந்தேனே. இப்படி ஒரு புஸ்தகத்தை ஏம்மா கொடுத்தே?"

"அதுக்குத்தான் சார் கொடுத்தேன்."

"இது மாதிரி இன்னும் இருக்கா?"

"நெறைய இருக்கு சார்."

"ஒவ்வொண்ணா கொண்டு வா."

ஸ்யாமளாவுக்குத் தானே எழுதிய நாவல்போலக் கர்வம் பொங்கியது. சிவசங்கரன் அந்தப் புத்தகத்தை மறுபடி படிக்கக் கை நீட்டினார். ஹாலாஸ்யம் கொடுக்கவில்லை.

"இருங்கோ, நான் இன்னும் படிக்கவே இல்லை. முதல் தடவை படிச்சது அந்தச் சீமாட்டி."