வலப்பக்கத்துக் கோன்

எங்கள் இம்பாபாப் பேட்டையில் சைக்கிள் ரிப்பேர் செய்பவர்களில் நான்தான் கெட்டிக்காரன் என்று நானே சொல்லிக்கொள்வது வழக்கம். மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருந்தால் கடையைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான். அப்படிப்பட்ட என்னிடம் ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக அதே முன்சக்கரம் வந்து நின்றால் எரிச்சல் வருமா, வராதா?

கொண்டுவந்தவன் ஷெஹாத்தா. ஹஜ் போய்வந்த ஹஜ்ஜா இன்ஸாஃபின் ரொட்டிக் கடையிலிருந்து டீக்கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் ரொட்டி கொண்டுபோகிறவன். கட்டில் அகலத்துக்கு ஈச்சமட்டைத் தட்டு, அதில் இருநூறு ரொட்டி, அத்தனையும் தலைமேல். ஒரு கை தட்டில், ஒரு கை ஹேண்டில்பாரில். மினிபஸ்களுக்கு நடுவே அப்படியே நுழைந்து போவான். நினைத்த இடத்தில் காலை ஊன்ற முடியாது. சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில் நூலளவு ஆட்டம் இருந்தால் எனக்கு விரலில் தெரியும். அவனுக்குக் கழுத்தில் தெரியும்.

அந்த மாதம் இரண்டு முறை தட்டோடு விழுந்திருந்தான். இரண்டாவது முறை ரொட்டி மொத்தமும் சாக்கடைத் தண்ணீரில். ஹஜ்ஜா நேராக என் கடைக்கு வந்து, கோளாறு சக்கரத்திலா ஆளிலா என்று கேட்டாள்.

"சக்கரத்துல ஒரு குத்தமும் கிடையாது ஹஜ்ஜா. நான் கைவச்ச ஹப்பு அது. ஆளுக்குத்தான் வயசாயிடுச்சு, கழுத்து ஆடுது" என்றேன்.

அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. இன்னொரு முறை விழுந்தால் தட்டு தன் தங்கை மகனுக்கு, ஷெஹாத்தா அடுப்படியில் தவிடு கூட்டலாம் என்று அவள் சொல்லிவிட்டாள். இருபது வருடம் நிமிர்ந்த தலையோடு தெருவில் போனவன் கையில் துடைப்பம். நான் சொன்ன ஒரு வார்த்தையால் வந்தது அது. அவனுக்கும் அது தெரியும். ஆனாலும் சக்கரத்தை என் மேசைமேல் மெதுவாகத்தான் வைத்தான்.

"வலப்பக்கம் இறுகுது உஸ்தா. முனையில திரும்பறப்போ புடிச்சு இழுக்குது. நானா விழல."

உஸ்தா என்றால் தொழிலில் ஆசான். முணுமுணுத்துக்கொண்டே ஹப்பைத் திறந்தேன். இடப்பக்கம் நான் வைத்த கிரீஸ் வைத்தபடி இருந்தது. வலப்பக்கம் பேரிங் குண்டுகள் பத்தும் காய்ந்து, ரொட்டித் தவிடு ஒட்டிப் பழுப்பேறிக் கிடந்தன. குண்டுகள் உருள்வது அச்சில் திருகிய கோனின்மேல்; அதன் முகம் முழுக்கப் பொடிக்குழிகள். கிரீஸ் இல்லாவிட்டால் குண்டுகள் கோனைக் கவ்விக்கொள்ளும். சக்கரத்தோடு கோனும் சேர்ந்து சுற்றி, போகப்போகத் தானே இறுகிவிடும். அப்புறம் இழுக்காமல் என்ன செய்யும்?

ஆனால் மூன்று முறையும் வலப்பக்கம் மட்டும் ஏன்? தூசி என்றால் இரண்டு பக்கமும் போயிருக்க வேண்டும். என் வேலையில் குறை என்றாலும் இரண்டு பக்கமும் அதே கைதானே. வண்டியை எங்கே நிறுத்துகிறாய் என்று கேட்டேன். தயங்கினான். எழுந்து அவனோடு நடந்தேன்.

ரொட்டிக் கடையின் பின்சந்து. அடுப்பின் சூட்டுக்காற்றை வெளியே விடும் துளை முழங்காலுக்குக் கீழே இருந்தது. கையை நீட்டினேன், நீட்டிய வேகத்தில் இழுத்துக்கொண்டேன். துளைக்கு எதிரே சுவரில் டயர் உரசிய தடம், தரையில் கறுப்பாக எண்ணெய்த் திட்டு. சாயங்காலம் வண்டியைச் சாத்தினால் விடியும்வரை அந்தச் சூடு ஹப்பின் வலப்பக்கத்திலேயே அடித்திருக்கிறது. என் கிரீஸெல்லாம் உருகி அந்தத் திட்டில் கிடந்தது.

"எந்த மடையன் ஒன்ன இங்க நிறுத்தச் சொன்னான்?" என்று கத்தினேன்.

ஷெஹாத்தா என்னைப் பார்த்தான். சத்தம் கேட்டு ஹஜ்ஜா வந்தாள். ரொட்டிக்கு நின்ற வரிசையும் இந்தப் பக்கம் திரும்பியது. அவளும் அதையே கேட்டாள்.

"நானாத்தான் நிறுத்துனேன் ஹஜ்ஜா" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குளிர் தொடங்கிய வாரம், விடிகாலையில் வண்டி கனமாக ஓடுகிறது என்று வந்தான். நான் டீ குடித்துக்கொண்டு சக்கரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், கிரீஸ் உறைஞ்சிருக்கும், சூடான எடமாப் பாத்து நிறுத்து என்று அனுப்பிவிட்டேன். ரொட்டிக் கடை ஆளுக்கு அடுப்பைவிடச் சூடான இடம் ஏது?

நான் சும்மா இருந்திருக்கலாம். அவன் சொல்லப்போவதில்லை. அவமானத்தில் காது இரண்டும் எரிந்தது.

"அந்த மடையன் நான்தான் ஹஜ்ஜா. இவன் கழுத்துக்கு ஒண்ணும் இல்ல. சக்கரத்தச் சரியாப் பாக்காம நான்தான் பழிபோட்டேன்" என்றேன்.

ஹஜ்ஜா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்போ தொடப்பத்த ஒங்கிட்ட குடுத்துடவா?"

வரிசை சிரித்தது. தட்டு அவனிடமே இருக்கட்டும், ஆனால் இன்றைக்கு நீயும் பின்னாலேயே போ, விழுந்தால் ரொட்டியை நீ பொறுக்கு என்றாள்.

கடைக்குத் திரும்பி ஹப்பை மண்ணெண்ணெயில் கழுவினேன். புதுக் கோன், புதுக் குண்டுகள், விரல் நிறைய கிரீஸ். கோனை முழுக்க இறுக்காமல் மயிரிழை ஆட்டம் விட்டு மேல்நட்டை இறுக்கினேன். அந்த ஆட்டமும் அதோடு போனது. இப்படித்தான் எப்போதும் செய்கிறேன், ஆனால் சக்கரத்தை மூன்று முறை சுழற்றிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஷெஹாத்தா தட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். நான் கடைச் சைக்கிளில் பின்னால் போனேன். அவன் இரண்டு முறையும் விழுந்த மருந்துக்கடை முனை வந்தது. ஒரு மினிபஸ் குறுக்கே வெட்டியது. நான் பிரேக்கைப் பிடித்தேன். அவன் இடுப்பை லேசாகச் சாய்த்தான். வண்டி திரும்பியது, தட்டு அசையவில்லை.

கடைசி ஓட்டலில் ரொட்டியை இறக்கியபிறகு, சந்தில் ஹஜ்ஜா கேட்டபோது என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா ஹஜ்ஜா வேற கடைக்கு அனுப்பியிருப்பா. இம்பாபாவுல ஒங்களவிட்டா ஹப்புல கைவைக்க யாரு இருக்கா உஸ்தா?"

இத்தனை வருடமாக நானே சொல்லிக்கொண்டிருந்ததை இன்னொருவர் வாயால் கேட்டது அதுதான் முதல் முறை. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், குனிந்து சும்மா நட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.