எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்

வாசல் கல்லில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் மாதத்துக் கியோத்தோ வெக்கைக்கு அது வெறும் கண்துடைப்பு. தெளித்த ஈரம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும். ஆனாலும் விருந்தினர் வரும் நேரத்தில் வாசல் நனைந்திருக்க வேண்டும் என்பது எங்கள் விடுதியில் மாறாத வழக்கம். நிமிர்ந்தால் சந்து முனையில் குசுமி ஐயா வந்துகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, அதே பழைய தோல் பை. குடை இல்லை, தொப்பி இல்லை. முன்பதிவும் செய்திருக்கவில்லை. என் கையிலிருந்த அகப்பை நழுவி வாளிக்குள் விழுந்தது. வேறு எந்த நாளில் வந்திருந்தாலும் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். பதினாறாம் தேதியில் வந்து நிற்கிறாரே மனிதர்!

"எப்ப வேணும்னாலும் வாங்கன்னு சொன்னீங்களே அம்மா. வந்துட்டேன்" என்று சொல்லிக் குனிந்து வணங்கினார்.

சொன்னது நான்தான். ஆனால் எங்கள் ஊரில் அந்தப் பேச்சுக்கு எந்த மதிப்பும் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்றால், கேட்டவர் சிரித்துத் தலையாட்டிவிட்டு வராமல் இருந்துவிட வேண்டும். அப்படி இருப்பதுதான் இங்கே மரியாதை. நாள் குறித்து, மணி குறித்துச் சொன்னால் மட்டுமே அது அழைப்பு. குசுமி ஐயா நீகாத்தாப் பக்கத்துக்காரர். நெல் உலர்த்தும் யந்திரங்களைப் பழுது பார்த்தே வயதானவர். அங்கெல்லாம் சொன்ன சொல் சொன்ன சொல்தான். அது தெரிந்தும் போன பிப்ரவரியில் அவரை வழியனுப்பும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஒரு பக்கம் தொலைபேசி அலறிக்கொண்டிருந்தது, இன்னொரு பக்கம் சந்தில் நுழைய முடியாத பேருந்து ஒன்று ஆட்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. "அடுத்து எப்ப வரட்டும்?" என்று அவர் கேட்டார். அதுவரை ஒவ்வொரு முறையும் ஒரு பருவத்தைச் சொல்லி அனுப்பிய நான், அன்று மட்டும் எதையும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அவர் முதலில் தொலைபேசியில் கூப்பிட்டது போன வருடத் தொடக்கத்துக் குளிரில். கியோத்தோவைப் பார்க்க எந்தப் பருவம் நல்லது என்று கேட்டார். விடுதி நடத்துபவளிடம் தினமும் யாராவது கேட்கிற கேள்விதான். செர்ரி பூக்கும்போது வாருங்கள் என்று கிளிப்பிள்ளைபோல் சொன்னேன். எத்தனை பேர் என்றதற்குக் கொஞ்சம் தயங்கி, ஒருத்தர்தான் என்றார். தனியாக வரும் வயதான ஆண் என்றால் பழைய விடுதிக்காரர்கள் இடமில்லை என்றுதான் சொல்வார்கள். என் மாமியார் காலத்தில் அப்படி ஒருவர் பின்கட்டு அறையில் தங்கினார். மறுநாள் காலையில் காவலர்கள்தான் கதவைத் திறந்து உடலை எடுத்தார்கள். அதன்பிறகு மூன்று வருடம் எங்கள் வாசலில் யாரும் செருப்பைக் கழற்றவில்லை. அந்த அறையை நான் சாமான் அறையாக மாற்றி வெகுகாலம் ஆயிற்று. இருந்தும் அந்தக் குரலில் என்ன கேட்டதோ, வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரலில் வந்தவர் தனக்கு எதிரே உட்கார இன்னொரு மெத்தையைப் போடச் சொன்னார். தேநீரும் இரண்டு கிண்ணம். மனைவி தொமியே இறந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கல்யாணம் ஆன நாளிலிருந்து இரண்டு பேரும் கியோத்தோவுக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டே இருந்தார்களாம். போவது ஒருமுறைதான், அதனால் இருப்பதிலேயே நல்ல பருவத்தில் போக வேண்டும். அவர் செர்ரி என்பாராம், அந்த அம்மா மேப்பிள் இலை சிவக்கும்போது என்பாராம். சண்டை முடிவதற்குள் அறுவடை வந்துவிடும், யந்திரங்கள் வந்து நிற்கும், அந்த வருடமும் போய்விடும். "எது நல்லதுன்னு பாத்து அவகிட்ட சொல்லணும். அதுக்கப்புறம் எனக்கு வேலை ஒண்ணும் இல்ல" என்று சிரித்தபடி சொன்னார். நாயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாராம். ஊருக்கு வாங்கிப் போக இனிப்பு ஏதாவது கட்டித் தரட்டுமா என்று கேட்டதற்கு, யாருக்கு என்று திருப்பிக் கேட்டார்.

மறுநாள் கமோ ஆற்றங்கரை முழுக்கப் பூ. பார்த்துவிட்டு வந்து, "இதுதானே அம்மா நல்ல பருவம்?" என்று கேட்டார். கணக்கு முடித்துக் கடையைப் பூட்டப்போகிறவரின் நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்தியது. நேராகக் கேட்க எங்கள் ஊர் நாக்குக்கு வராது. அதனால் பொய் சொன்னேன்.

"இந்த வருஷம் பூ சரியில்லைங்க ஐயா. காத்து அடிச்சு பாதி போயிடுச்சு. நீங்க மேப்பிள் பாக்கணும். நவம்பர் கடைசி வாரம், எழுதிக்கட்டுமா?"

எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

நவம்பரில் வந்தார். நான் பிறந்து வளர்ந்த ஊரில் மலைகள் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்துவிட்டு வந்தவரிடம், இந்த வருடம் குளிர் போதவில்லை, நிறம் ஏறவில்லை என்று கூசாமல் சொன்னேன். பின்னால் நின்ற சமையல்காரர் கென்சோ இருமத் தொடங்கிவிட்டார். அவர் ஒசாக்காக்காரர், மனதில் பட்டதை அப்படியே போட்டு உடைப்பவர். "அம்மா, பொய்யை இப்படி நெத்திலி கருவாடு மாதிரி கொட்டுறீங்களே, நாக்கு வெந்துடாதா?" என்று சமையலறையில் கேட்டார். கேட்டுவிட்டு மறுநாள் காலையில் இரண்டு பேருக்கான தட்டை அவரேதான் அடுக்கிவைத்தார். பிப்ரவரியில் ஒரு விடியற்காலை, கோயில் கூரைகளெல்லாம் வெள்ளையாகக் கிடந்தன. குசுமி ஐயா பார்த்தார். பனி என்றால் மூன்று நாளாவது தங்க வேண்டும், மத்தியானத்துக்குள் உருகுவதெல்லாம் கணக்கில்லை என்றேன். அன்றைக்குத்தான் அந்தப் பேருந்தும் தொலைபேசியும்.

அதன்பின் செர்ரி வந்து போயிற்று. அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நீகாத்தாவுக்கு நானாகக் கூப்பிட்டுப் பார்த்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மழைக்காலம் முழுக்க வாசல் மணி ஒலிக்கும்போதெல்லாம் யாரோ கெட்ட சேதி கொண்டுவந்திருக்கிறார்கள் என்றே எழுந்து போவேன். ஆகஸ்டைப் பற்றி மட்டும் நான் அவரிடம் வாயே திறந்ததில்லை. அந்த மாத நடுவில் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். சில நாள் இருந்து சாப்பிட்டுவிட்டு, பதினாறாம் தேதி இருட்டியதும் மலையில் மூட்டும் நெருப்பைப் பார்த்தபடி திரும்பிப் போவார்கள். யாரோடாவது சேர்ந்து போய்விட வேண்டும் என்று நினைக்கிறவனுக்கு அதைவிடத் தோதான நாள் கிடையாது.

அவரை உள்ளே உட்காரவைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.

"இடமில்லன்னு சொல்லிடுங்கம்மா" என்றார் கென்சோ, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல். "பொய்கூட இல்ல, நெசமாவே இடமில்ல. நெருப்பு பாக்க வந்தவங்க எல்லா ரூம்லயும் இருக்காங்க. இங்க ஒண்ணு நடந்துச்சுன்னா அடுத்த மாசம் நீங்களும் நானும் தெருவுலதான் நிக்கணும்."

"இங்க இல்லன்னா எங்க போவாரு?"

"அது நம்ம பாடு இல்ல."

"பத்து நிமிஷம் நடந்தா ஆறு இருக்கு, கென்சோ."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். விடுதி போய்விடுமே என்ற பயம் எனக்கும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் குசுமி ஐயா பையைத் தூக்கிக்கொண்டு அந்த வெயிலில் சந்தில் இறங்கிப் போவதை நினைத்தால் அந்தப் பயம் சின்னதாகிப்போயிற்று. மாடியில் என் அறையைக் காலி செய்து கொடுத்தேன். நான் அடுத்த அறையில், துணி அலமாரிக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வதாக ஏற்பாடு. நடுவில் இருப்பது காகிதத் தடுப்புதான், மூச்சு விட்டால்கூடக் கேட்கும்.

இருட்டியதும் எல்லாரும் கூரைமேல் துணி காயப்போடும் மரமேடைக்கு ஏறினோம். காற்று அசையவே இல்லை. எட்டு மணிக்கு ஊரே விளக்கை அணைத்தது. பேசிக்கொண்டிருந்த விருந்தினர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். கிழக்கு மலையில் முதலில் ஒரு பொறி, பிறகு வரிசையாகப் பொறிகள். கைகளை நீட்டிக் கால்களை அகட்டி நிற்கும் ஆள்போல, 'பெரிது' என்று பொருள்படும் அந்த ஒற்றை எழுத்து மலைச்சரிவில் எரிந்து எழுந்தது. குசுமி ஐயா ஓரமாகக் கம்பியைப் பிடித்து நின்றார். நான் அவருக்கும் கம்பிக்கும் எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக நின்றேன்.

"காலைலயே மலையடிக் கோயிலுக்குப் போயிட்டேன் அம்மா. நெருப்புல போட விறகு குடுத்தேன். தொமியே பேரு, என் பேரு, ரெண்டும் எழுதி."

செத்தவர்களுக்குப் பேர் மட்டும் எழுதுவார்கள். உயிரோடு இருப்பவர்கள் பேருக்குக் கீழே தங்கள் நோயை எழுதுவார்கள், அது எரிந்தால் நோயும் போய்விடும் என்று.

"உங்க பேருக்குக் கீழ என்ன நோய்னு எழுதுனீங்க?"

"ஒண்ணும் எழுதல."

மலையில் மரம் வெடிக்கும் சத்தம் இங்கே கேட்காது. கேட்டதுபோல இருந்தது எனக்கு.

"நவம்பர்லயே தெரியும் அம்மா" என்றார் மெதுவாக. "அந்தச் செவப்பைப் பாத்துட்டு நெறம் ஏறலன்னு சொன்னீங்க பாருங்க. தொமியேகூட அவ்ளோ மோசமா பொய் சொல்ல மாட்டா. இன்னிக்காவது நெசத்தச் சொல்லுங்க. இதுதானே நல்ல பருவம்?"

பொய் சொல்ல என்னிடம் வேறு பருவமும் மிச்சமில்லை.

"ஆமா. இதுதான்" என்றேன். பிறகு, என் வாழ்நாளில் யாரிடமும் பேசியிராத மாதிரி, எந்தச் சுற்றும் இல்லாமல் கேட்டேன். "சாகப் போறீங்களா?"

பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனாள். குசுமி ஐயா மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கென்சோ மூச்சிரைக்க ஏணியேறி வந்தார். அவர் கையில் சூப்புக்கான பெரிய கறுப்பு அரக்குக் கிண்ணம், விளிம்புவரை தண்ணீர். அந்த நெருப்பின் நிழலைக் கிண்ணத்துத் தண்ணீரில் விழவைத்துக் குடித்தால் ஒரு வருடத்துக்கு உடம்புக்கு ஒன்றும் வராது என்று எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். சின்னக் கிண்ணத்தில்தான் குடிப்பார்கள், இவர் ஏன் இதைத் தூக்கி வந்தார் என்று பார்த்தேன்.

"சின்னதுல பாதிதான் விழும்" என்றார் கென்சோ, யாரையும் பார்க்காமல். "கை கால் எல்லாம் முழுசா விழணும். பிடிங்க ஐயா. இங்க நின்னவங்க யாரும் இதைக் குடிக்காம எறங்கக் கூடாது."

குசுமி ஐயா கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். மறுக்கத் தெரியாத மனிதர், நீட்டியதை இரண்டு கையாலும் வாங்குகிறவர். கறுப்புத் தண்ணீருக்குள் நெருப்பு துண்டு துண்டாக உடைந்து அலைந்தது. "ஆட்டாம பிடிங்க" என்று சொல்லி அவர் கைகளுக்கு அடியில் என் கைகளை வைத்தேன். மலையில் அந்த எழுத்தின் ஒரு கால் அடியிலிருந்து மங்கத் தொடங்கியிருந்தது. கென்சோ அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "சீக்கிரம்" என்றேன், யாரிடம் என்று தெரியாமல். குசுமி ஐயா குனிந்து பார்த்தார். கிண்ணத்தின் நடுவில் துண்டுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. முதலில் ஒரு கை, பிறகு இன்னொரு கை. கால் ஒன்று மட்டும் விளிம்பில் நடுங்கிக்கொண்டே நின்றது.